தவக்காலத்துக் கிரீன் டீ

தங்கா பத்து என்ற ஊரில் ஜெயமேரி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. அவள் புருஷன் செபாஸ்டியனுக்கோ மறுபேச்சே வராது. அதனால் அந்த வீட்டில் சண்டைக்கு இடமில்லாமல் இருந்தது.

செபாஸ்டியனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரத்தத்தில் சீனி இறங்கினால்தான் அறுவை செய்வோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவருடைய பாடுகளை வருடா வருடம் வாசிப்பவர் அவர்தான். இந்த வருடமும் வாசித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"தவக்காலம் முடியிற வரைக்கும் பாலும் சீனியும் போட்ட தே தாரேக் கிடையாதுங்க. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துருங்க" என்றாள் ஜெயமேரி. தனக்கும் ஒரு ஒறுத்தல் வைத்துக்கொண்டாள். ஈஸ்டர் வரை பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை.

அவருக்குத்தான் வெறுந்தண்ணீர் தொண்டையில் இறங்காதே! பாட்டில் கிரீன் டீயைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தாள். பால் கிடையாது, மேலே இலைப் படம், பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்களும் இனிப்பு நீர் நோய்க்கு நல்லது என்றிருந்தார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வேளை தவறாமல் அவளே மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த முறை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்த மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினாள். "சீனி இறங்கலையே ஆன்ட்டி, ஏறியில்ல இருக்கு."

வீடு வரும்வரை ஜெயமேரி பொறுக்கவில்லை. "தே தாரேக் குடிக்க மாமாக் கடைக்குப் போயிருக்கீங்க."

"சத்தியமா இல்ல மேரி."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க! தவக்காலத்துல பொய் வேறயா?"

அதோடு பேச்சை நிறுத்தினாள். ஆனால் பாட்டில் மட்டும் வேளைக்கு மேசையில் 'டொக்'கென்று வந்து உட்கார்ந்தது. கையும் களவுமாகப் பிடிக்க ஒருநாள் மாமாக் கடைக்கே போய்விட்டாள். கடைக்காரர் கையை விரித்தார். "அங்கிள் இங்க வர்றதே இல்லலா. ரோட்ல போனா கைய மட்டும் காட்டுவாரு."

வாடிய முகத்தோடு வீடு திரும்பினாள். மேசையில் அவர் பாதி குடித்து வைத்த பாட்டிலின் வாயில் எறும்புகள் மொய்த்தன. ஜெயமேரி நின்றாள். எறும்பைத் தட்டிவிட்டு, ஒறுத்தலை மறந்து ஒரு வாய் குடித்தாள். பாகு!

"என்னங்க, இப்படி இனிக்குது! ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"எனக்காக வெறுந்தண்ணியில இருக்கிறவ, மருந்துன்னு சொல்லிக் குடுத்த. அது எப்படிக் கெடுதலா இருக்கும்னு குடிச்சிட்டேன் மேரி."

தன் கையாலேயே கெடுத்துவிட்டு, பழியை அந்த மனிதர் தலையில் போட்டிருக்கிறாள். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளிலிருந்து தேயிலையை மட்டும் வெந்நீரில் போட்டுக் கொடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். சீனி இறங்கத் தொடங்கியது, ஆனால் நாள் போதவில்லை. அறுவை ஈஸ்டருக்குப் பிறகு என்றாகிவிட்டது.

பெரிய வெள்ளியன்று ஜெயமேரி அவர் காதோரம் நின்று வரிவரியாகச் சொல்ல, செபாஸ்டியன் கோயில் முழுக்கக் கேட்கும்படி முழங்கினார். பேதுரு தன் ஆண்டவரையே தெரியாது என்று மறுதலிக்கிற இடம் வந்தது. அவளுக்குக் குரல் எழவில்லை. சனங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செபாஸ்டியன் அவசரப்படுத்தவில்லை. அவள் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லும்வரை காத்து நின்றார்.