றுக்கியாவின் கோரை

உள்ளே றுக்கியாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் முனாப் பின்வளவில் குந்தியிருந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பொஞ்சாதி மௌத்தாகி மதியம்கூட ஆகவில்லை, மனிசனுக்குப் பிசகிவிட்டதா என்று ஆளையாள் பார்த்தார்கள். பார்க்கட்டும். வாக்குக் கொடுத்தவர் அவர்.

அன்று விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அவர் கரண்டியால் தண்ணீர் பருக்கியபோதுதான் றுக்கியா கண்ணைத் திறந்தாள்.

"ராவு மழை பெய்ஞ்ச சத்தம் கேட்டிச்சி. மண் இளகியிருக்கும். மரவள்ளிக்குக் கீழ கோரை நிக்கிது, புடுங்கிருவீங்களா?"

"ஓம் புள்ள, புடுங்குறன்."

"மேலால பிச்சிப் போடாதீங்க. கிழங்கு கீழ கிடந்தா திரும்பவும் வந்திரும்."

"கிழங்கோட எடுக்கிறன்."

நம்பாத சிரிப்பொன்று சிரித்தாள். பிறகு கலிமா சொன்னாள். அவ்வளவுதான்.

அவள் எப்படி நம்புவாள்? துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வருகிறவர் கைகால் கழுவிச் சோற்றுக்கு முன்னால் உட்காருவார். கத்தரி, வெண்டி, மரவள்ளி என்று அந்தச் சோற்றோடு வந்ததெல்லாம் அவள் முனை மழுங்கிய குசினிக் கத்தியோடு கோரையிடம் மல்லுக்கட்டி எடுத்தது. தோண்டிய கிழங்கை வெயிலில் காயவைத்து அடுப்பில் போட்டால்தான் அவளுக்கு மனம் ஆறும். "உனக்கும் கோரைக்கும் என்ன, காணி வழக்கா?" என்று முனாப் பகிடி பண்ணுவார். "வழக்குத்தான். நீங்க திண்டுட்டுப் படுங்க" என்பாள்.

"முனாப் நானா."

வேலியோரம் அடுத்த வீட்டுப் புஷ்பவதி, அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"பேக்கரியில பாணுக்கு விடிய விடிய வரிசை நிண்ட வருசம், எங்கட பிள்ளையள் பசி தெரியாமல் படுத்தது இந்த மரவள்ளியாலதான். ஒரு நன்றி சொல்ல விட்டாவா? 'போய் அவிச்சுக் குடுங்க' எண்டு கலைச்சுப் போடுவா." மூக்கைச் சிந்தினாள். "அந்தப் பக்கத்தை நான் பாக்கிறன், விடுங்கோ."

சேலையைச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் குந்தினாள். கறுத்த கிழங்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"அல்லாஹ் எனக்கு நல்ல மனிசியத் தந்தான்," என்றார் முனாப், மண்ணைப் பார்த்தபடி.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். கபுறின் தலைமாட்டில் பச்சையாக ஒன்று நட வேண்டும். அது பச்சையாக இருக்கும்வரை அல்லாஹ்வைத் துதிக்கும், உள்ளே கிடப்பவருக்கு லேசாகும். அதனால் பச்சையைக் கபுறில் இருந்து யாரும் பிடுங்குவதில்லை. றுக்கியாவின் தம்பி முத்தலிப், அவள் கறி வாசத்துக்கென்று கிணற்றடியில் வைத்திருந்த ரம்பையில் ஒரு கன்றை மண்ணோடு கிளப்பி வந்திருந்தான். நட்டு, தண்ணீர் ஊற்ற, மண் கரைந்தது. ரம்பைக்குப் பக்கத்தில் ஊசிபோல ஒரு கோரை தலை நீட்டியது.

"அட, இது இஞ்சயும் வந்திட்டா! லாத்தாட கண்ணில இதக் காட்ட ஏலாதே மச்சான்!" முத்தலிப் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

முனாப்பின் கையும் போனது. போன கை, முத்தலிப்பின் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடு. அதும் பச்சைதான். அதும் துதிக்கும்."

"லாத்தா கோவிப்பாவே."

"கோவிக்கட்டும். ரம்பை இந்த மண்ணில புடிக்குமோ தெரியா. இது புடிக்கும்."

எல்லோரும் மையவாடி வாசலுக்கு நடந்தார்கள். முனாப் மட்டும் திரும்பி வந்து குந்தினார். கோரையின் அடியில் விரலை விட்டுத் தடவினார். கிழங்கு இருந்தது. அதன்மேல் ஒரு கை மண் அள்ளிப் போட்டு அமுக்கி, கேத்தலில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றினார்.