பரணில் வெட்டிய துண்டு

தங்கைக்கு வீடு அமைந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த மூலை வீட்டை முதலில் பார்த்தவள் நான். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், தலை இடிக்காத மாடிப்படி. நானும் என் வீட்டுக்காரரும் யோசிக்கிறோம், யோசிக்கிறோம் என்று இழுத்துக்கொண்டிருந்தோம். அவள் சத்தமில்லாமல் பேசி முடித்துவிட்டாள்.

போதாக்குறைக்கு, கையெழுத்துப் போடும் முன் பரணில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்க்க என்னையே கூப்பிட்டாள். பழைய கட்டடங்களில் குழாயிலும் கூரையிலும் போர்த்தியிருப்பதை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு.

"அக்கா இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்றாள்.

இருந்தால் பயந்து விட்டுவிடுவாள். விலை இறங்கும். நாங்கள் வாங்கி, ஆள் வைத்து அகற்றிக்கொள்ளலாம். ஏணியில் ஏறும்போது மனசில் இதுதான் ஓடியது.

முகமூடியோடு தவழ்ந்துபோய், வெந்நீர்க் குழாயைச் சுற்றியிருந்த வெள்ளை உறையில் தூசி கிளம்பாதபடி தண்ணீர் பீய்ச்சினேன். அடிவரை வெட்டி, பையில் போட்டு ஒட்டிய பிறகுதான் கத்தியைக் கவனித்தேன். பிடியோரத்தில் சாம்பல் நிறமாக ஏதோ காய்ந்திருந்தது. காலையில் ஒரு கொதிகலன் அறையில் ஆஸ்பெஸ்டாஸை வெட்டிய கத்தி, துடைக்க மறந்திருக்கிறேன். அதில் ஒரு துகள் இந்தப் பைக்குள் விழுந்திருந்தாலும் ஆய்வகம் 'இருக்கிறது' என்றுதான் சொல்லும்.

வாயை மூடிக்கொண்டு இறங்கினால் வீடு எனக்கு.

"அக்கா, சத்தத்தையே காணோம்! மூச்சு முட்டுதா?" ஏணியைப் பிடித்தபடி கீழிருந்து கத்தினாள்.

"இன்னும் சாகல, இரு!"

எரிச்சலோடு அந்தப் பையைக் கழிவில் போட்டேன். கையுறை மாற்றி, புதுக் கத்தி பிரித்து, சற்றுத் தள்ளி இன்னொரு துண்டு வெட்டினேன். வெட்டிய இடங்களை டேப் ஒட்டி மூடினேன். உனக்கெதற்கு இந்த நல்லவள் வேஷம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு இறங்கினேன்.

முடிவு வந்தது. சுத்தமான கத்தியில் வெட்டிய துண்டிலேயே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். வேணாம்னு சொல்லிடறேன்."

"பாவம்டி நீ."

"ஒண்ணும் பாவமில்ல. உனக்கு அந்த வீட்டு மேல ஆசைன்னு தெரிஞ்சுதான் முந்திக்கிட்டேன். சின்னதுலேருந்து உன் பழைய சட்டை, உன் பழைய சைக்கிள்னே வாழ்ந்தாச்சு. ஒண்ணாவது மொதல்ல எனக்குக் கெடைக்கட்டும்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நான் விட்டத நீ எடுத்துக்காதக்கா. வேலையில தெனம் அந்தத் தூசியில கெடக்குற. வீட்டுக்கு வந்தும் அது தலைக்கு மேல இருக்க வேணாம். வாங்க மாட்டேன்னு சொல்லு."

"நான் எதுக்குடி வாங்கப்போறேன்" என்றேன்.

வீடு போயிற்றே என்று வயிறு எரிந்தது. என் கணக்குத் தெரியாமல் என்மேல் அக்கறைப்பட்டுக் கேட்டாளே என்று அதைவிட எரிந்தது.