ஆறு ஜிபி இமேஜ்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் சலித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள். யாராவது கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதித் திரையில் ஒட்டியிருந்தால், நின்ற இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு வேறு வைக்கச் சொல்கிற ஆள்.

தோல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. செய்த மென்பொருளை, அது ஓடத் தேவையான சகலத்தோடும் சேர்த்து மூட்டையாகக் கட்டுவார்கள். அதற்கு இமேஜ் என்று பெயர். அந்த மூட்டைகளை வாங்கி வைத்து, கேட்கிற கணினிக்கு எடுத்துக் கொடுக்கிற கிடங்குதான் ரெஜிஸ்ட்ரி. இத்தனை வருஷமும் வெளியில் யாரோ நடத்திய கிடங்கில்தான் எல்லாம் கிடந்தது. வாடிக்கையாளர்களில் பெரியவரான டாக்டரம்மா ஒருநாள் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

"யார் கட்டினதுன்னே தெரியாத இடத்துல எங்க சமாச்சாரம் இருக்கக் கூடாது. மூல நிரல்லேர்ந்து நீங்களே கட்டி, நீங்களே நடத்துங்க."

முதலாளியம்மா கறாரைக் கைகாட்டிவிட்டார்.

சர்வர் அறை கழிவறையை ஒட்டி இருந்தது. சுவர் பாதி உயரத்துக்கு ஈரம் ஊறிப் பூத்திருந்தது. கேபிள்களை நகர்த்தினால் செத்த கரப்பான்கள் காய்ந்து உதிர்ந்தன. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரெஜிஸ்ட்ரி மென்பொருளின் மூல நிரலை இறக்கி, வெளியிட்டவர்களின் கையொப்பத்தோடு ஒத்துப் போகிறதா என்று சரிபார்த்தாள். முதல் தடவை, நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர் பழசு என்று பாதியில் நின்றது. அடுத்த தடவை கட்டி முடிந்தது, ஆனால் ஓடமாட்டேன் என்றது. பிறகு மற்ற கணினிகள் இதை நம்புவதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டு நாள் சண்டித்தனம் பண்ணியது. ஐந்தாம் நாள் காலை ஒரு குட்டி இமேஜை அனுப்பித் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அச்சு அசலாக வந்தது. அந்த நாற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பழைய கிடங்கிலிருந்து இமேஜ்களைக் கொண்டுவந்து புதியதில் ஏற்றியபோதுதான் ஒன்று இடறியது. மற்றதெல்லாம் முந்நூறு எம்பியைத் தாண்டவில்லை. இது மட்டும் ஆறு ஜிபி.

'உள்ளே யானையையா கட்டி வச்சிருக்காங்க?' என்று பிரித்தாள்.

இமேஜ் என்பது அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. மேலடுக்கில் ஒரு கோப்பை அழித்தால் அது கண்ணுக்கு மறையுமே தவிர, கீழடுக்கில் அப்படியே கிடக்கும். நாலாவது அடுக்கில் ஒரு கோப்புறை இருந்தது. ஐந்தாவதில் அதை அழித்திருந்தார்கள். நாலாவதைத் திறந்தாள்.

டாக்டரம்மாவின் நோயாளிகள். முதுகு, கழுத்து, தொடை, புண், சீழ், உரிந்த தோல். சிகிச்சைக்காக நம்பி எடுக்கவிட்ட படங்கள், ஆயிரக்கணக்கில். சோதனைக்கென்று வாங்கியிருப்பார்கள், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் யாரோ உட்கார்ந்து பேர் வைத்திருந்தார்கள். 'முதலை'. 'கருகின ரொட்டி'. 'உலக வரைபடம்'. கூடவே ஒரு மதிப்பெண் பட்டியல். 'இந்த வார அழகி' என்று தலைப்பு.

பக்கத்துக் கழிவறைக்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்த பிறகும் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

திரும்பி வந்து, இமேஜைக் கட்டியது யாரென்று பார்த்தாள். மாமாவின் கணக்கு. அக்காவின் வீட்டுக்காரர். தான் இருக்கும் இதே அலுவலகத்தில் அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள்.

மாமா தன் மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுவா? பசங்க ஏதோ விளையாட்டுக்குப் பண்ணினாங்க. அப்பவே அழிச்சாச்சேம்மா."

"அழியல மாமா. இப்ப பார்த்துட்டு வரேன்."

"சரி, உன் புதுக் கிடங்குலேர்ந்து அதை எடுத்துடு. யாருக்குத் தெரியப் போகுது?" ஒரு துண்டை நீட்டினார். "இந்தா, சாப்பிடு."

"மதிப்பெண் போட்டதுல உங்க பேரும் இருக்கு."

கத்தி நின்றது. "நாம ஒரே குடும்பம். ஞாபகம் இருக்கட்டும்."

அந்த விரல்களில் வழிந்த சாற்றைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நேராக முதலாளியம்மாவிடம் போனாள்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "சீ, அசிங்கம். துடைச்சுப் போட்டுடு. டாக்டர் காதுக்குப் போக வேண்டாம்."

"படம் அவங்க நோயாளிங்களோடது மேடம். அவங்களுக்குத் தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஒரு மணி நேரம் காத்திருந்தாள். முதலாளியம்மா போனைத் தொடவில்லை. அவளே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா அந்த ஈர அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நோயாளிகளுக்குத் தகவல் சொல்வதற்காக யார் யார் படம் என்று குறித்துக்கொண்டார். பிறகு அவர் கண்ணெதிரே பழைய கிடங்கிலும் புதியதிலும் கறார் இமேஜை நீக்கினாள். புதியதில் பெயரை எடுத்தால் மட்டும் அடுக்கு போகாது என்பதால், குப்பை வாரும் ஆணையையும் ஓட்டிக் காட்டினாள். வட்டில் ஆறு ஜிபி காலியானது.

"இதை எத்தனை தடவை இறக்கியிருக்காங்க?"

"பழைய கணக்குல நானூத்திப் பன்னிரண்டு. பாதிக்கு மேல இயந்திரம் தானா எடுத்தது. மிச்சம் யாரு, எந்த லேப்டாப்புன்னு தெரியாது டாக்டர்."

டாக்டரம்மா எழுந்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா இந்த ஆபீஸ்ல எனக்கு இனிமே எதுவும் வேண்டாம்."

ஒப்பந்தம் போனது. மாமாவை வேலையை விட்டு எடுக்கவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் போகிற வழியில் எல்லோரும் கறாரைத்தான் முறைத்தார்கள். அந்த வாரமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளிர் விடுதிக்குப் போனாள். மாதம் முடிவதற்குள் வேலையையும் விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வந்ததும் பொரிந்து தள்ளினாள். "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் சிரிக்குது." கொட்டி முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படங்களுக்குப் பேரு வச்சிருந்தாங்கன்னு சொல்றாங்களே. வரிக்குதிரைன்னு ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா புடவை மடிப்பை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "குழந்தை பிறந்து வயித்துல வரி விழுந்ததுலேர்ந்து என்னை அப்படித்தான் கூப்பிடறார். நானும் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்டி."

கறார் அக்கா பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அன்று முழுக்க அக்கா வீட்டுக்குக் கிளம்பவில்லை.