மொழிபெயர்ப்பு ஆட்டம்

கிட்ட வாங்க, கண்ணுகளா. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இந்தக் கதையைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. குரலை வைத்துப் பிழைத்த ஒரு மனிதரின் கதை. வெளிச்சம் குறைவான கதைதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் அடக்காமல் சிரித்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். அன்றைக்கு அங்கே இருந்தவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

அந்த மனிதருக்கு வேலை சாவது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி கேட்பாள், "இன்னைக்கு எத்தனை சாவு?" அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார், "தீயில ஒண்ணு, விஷத்துல ஒண்ணு. உசரத்துல இருந்து விழறது மட்டும் சரியா வரல, நாளைக்கு மறுபடியும் விழணும்." வீடியோ கேமில் வருகிற ஆட்கள் அடிபடுவதும் அலறுவதும் மூச்சு முட்டிச் சாய்வதும் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? எங்கோ ஒரு மாடியில், நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய ஒரு பெட்டி அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவர் நின்று கத்துகிறார். வசனங்களையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, அலறலைக் கடைசியில்தான் எடுப்பார்கள். அலறின தொண்டை அன்றைக்கு வேறு எதற்கும் ஆகாது. பச்சை ஆப்பிளைக் கடித்து வாயின் பிசுபிசுப்பைப் போக்கிக்கொண்டு, வெந்நீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, சிவப்பு விளக்கு எரிந்ததும் சாக வேண்டும். "நான் செத்துப் பிழைக்கிறவன்" என்பார் கேட்பவர்களிடம். அந்த வேடிக்கையைப் பெண்டாட்டி ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

வாரக் கடைசியில் இருவருக்கும் இன்னொரு வேலை இருந்தது. ஒரு துணிக்கடையின் மாடியில், மடக்கு நாற்காலிகள் போட்ட சின்ன அரங்கம். அங்கே எழுதிவைத்த நாடகம் கிடையாது. பார்க்க வந்தவர்கள் ஒரு சொல்லைக் கத்துவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு இவர்கள் அந்த நிமிஷமே ஒரு கதையை உண்டாக்கிச் சிரிக்கவைக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு சட்டம். எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் "இல்ல" என்று சொல்லக் கூடாது. அவர் உன்னை ராணி என்றால் நீ ராணி. குதிரை என்றால் குதிரை, அதற்கு மேல் ஒரு கனைப்பும் கனைக்க வேண்டும். "இல்ல" என்றால் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். அவர்கள் இருவரும் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் அவளைக் "கூட்டாளி" என்றுதான் கூப்பிடுவார். "கூட்டாளி, இன்னைக்குச் சமையல் கிடையாது போலிருக்கே" என்றால், "ஆமா, அடுப்பு டூர் போயிருக்கு, திங்கக்கிழமைதான் வருமாம்" என்பாள் அவள்.

அவர்களுடைய ஆட்டங்களில் பேர்போனது மொழிபெயர்ப்பு ஆட்டம். அவர் வெளிநாட்டு அறிஞர். புரியாத பாஷை பேசுவார், பாஷையே இல்லாத பாஷை. அவள் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்ததை அர்த்தம் என்று சொல்வாள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர் "பல் டாக்டர்!" என்று கத்தினார். நம்ம ஆள் டாக்டர், பெண்டாட்டி நர்ஸ். "வாயைத் திறங்க, இன்னும் பெருசா, உங்க வீட்டு வாசல் கேட்டு மாதிரி" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். கூட்டம் சூடேறியிருந்தது. திடீரென்று அவர் பேச்சு மாறியது. வாயிலிருந்து ஏதோ கொழகொழவென்று வந்தது. அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். சரி, ஆட்டத்தை மாற்றிவிட்டார், நாம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முன்னால் வந்தாள்.

"டாக்டர் வெளிநாட்டுல படிச்சவர். என்ன சொல்றார்னா, உங்க பல்லுக்கு ஒண்ணும் இல்லையாம், பல்லைச் சுத்தி இருக்கற ஆளுதான் சரியில்லையாம்."

சிரிப்பு. அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். வலது கை தொங்கிப்போய் அசையாமல் கிடந்தது. "வலது கைக்கு இன்னைக்கு லீவாம், இடது கையாலதான் பிடுங்குவாராம்" என்றாள். கைதட்டல். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். கண்ணை அவள் முகத்தைவிட்டு எடுக்கவே இல்லை. இப்போது சத்தமாக, ஒரே மூச்சில், நீளமாக ஒன்று சொன்னார். என்ன நடிப்புடா சாமி என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. அவர் முடிப்பதற்குள் குரலை உயர்த்தினாள். "டாக்டர் நர்ஸம்மாவைக் கட்டிக்கிறாராம்! பல்லைப் பிடுங்கின கையோட தாலியையும் முடிச்சுடலாங்கிறார்!" பின்வரிசையில் விசில் அடித்தார்கள். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியோடு சரிந்து விழுந்தார். விழுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊருக்கே தெரியும். அதனால் அதற்கும் கைதட்டினார்கள்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா?" என்று அவள் கேட்டதற்கு டாக்டர், "அதை இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார். அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. அவருடைய அக்கா வந்தாள். அவளுக்கு நாத்தனார். தம்பியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் முன்னால் நின்றாள். "அவன் செத்துக்கிட்டிருந்தான். நீ கைதட்டு வாங்கிக்கிட்டிருந்த" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

உயிர் தங்கியது. கால் மெல்ல மெல்ல வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. இத்தனை வருஷம் மேடையில் அவர் மறந்தும் சொல்லாத சொல். "இல்ல."

பசிக்கிறதா? இல்ல. தட்டை வைத்தால் அள்ளிச் சாப்பிடுவார். வலிக்கிறதா? இல்ல. இது யார் தெரியுதா? இல்ல, என்று கன்னத்தைத் தடவுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், "நாம பேசறது அவருக்குப் புரியுதுக்கா. பதில்லதான் ஆமாவும் இல்லையும் கலந்து கிடக்கு. தலையாட்டறதையும் நம்பாதீங்க. தெளியலாம், தெளியாமலும் போகலாம்."

ஆனால் குரல் அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை. அதே கனம், அதே ஏற்ற இறக்கம். அந்த ஒற்றைச் சொல்லைக் கெஞ்சலாகச் சொல்வார், அதட்டலாகச் சொல்வார், தாலாட்டு மாதிரிச் சொல்வார். இழுத்துச் சொன்னால் போதும் என்று அர்த்தம், வெட்டிச் சொன்னால் ஜன்னலைத் திற என்று அர்த்தம் என்று அவள் மனசுக்குள் ஓர் அகராதி போட்டுக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் அவளே சொன்னாள். "நீங்க இளைச்சுட்டீங்கன்னு சொல்றார்." "பழசெல்லாம் ஞாபகம் இருக்குங்கிறார்." வந்தவர்கள் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போவார்கள். நாத்தனார் மட்டும் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "நீயே கேள்வி, நீயே பதில். நடுவுல அவன் எதுக்கு?"

அந்த மாடி நிகழ்ச்சியை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். வீட்டில் அவர் தூங்குகிற மத்தியான நேரங்களில் அவள் அதைக் காதோரம் வைத்துக் கேட்பாள். ஓர் இடத்தில் "தண்ணி" என்பது போல இருக்கும். மறுநாள் அதே இடம் "தள்ளி" என்று கேட்கும். அந்தக் கடைசி நீளமான பேச்சு இருக்கிறதே, அதன்மேல் அவளுடைய குரல் ஏறி உட்கார்ந்திருந்தது. நர்ஸம்மா, தாலி, விசில். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று எத்தனை தடவை கேட்டாலும் பிடிபடவில்லை.

இந்த நிலைமையில்தான் கேம் எடுக்கிற இடத்திலிருந்து டைரக்டர் போன் பண்ணினார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். விஷயம் என்னவென்றால், பல காலம் "படைவீரன் மூன்று", "கூட்டத்தில் ஒருவன்" என்று செத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கேமில் பாலத்துக் காவல்காரன் வேஷம் கிடைத்திருந்தது. அந்தக் காவல்காரன் பேசுகிற தினுசுக்காகவே ஜனங்கள் பாலத்தைத் தாண்டாமல் நின்று விளையாடினார்களாம். இரண்டாம் பாகத்தில் அவன்தான் கதாநாயகன் என்று முடிவாகி, பாதிப் பதிவு முடிந்திருந்த சமயத்தில்தான் இப்படி ஆனது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து கிடைத்த பேர்.

"அக்கா, மீதிப் பேச்செல்லாம் ஒரு பையன் பேசிட்டான். அச்சு அசல் அண்ணன் மாதிரியே இருக்கு. வலிக்கிற சத்தம்தான் அவனுக்கு வரல. கத்தினா கொசு கடிச்ச மாதிரி இருக்கு. அண்ணனால பேச முடியாது, சரி. கத்த முடியும்ல? அவரோட அலறலையும் இதுல சேர்த்துட்டா அவர் பேரும் இருக்கும். அவர் என்ன சொல்றார், கேளுங்களேன்."

அவர் அப்போது குளியலறையில் இருந்தார். அவள் கதவைக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்கிறார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால், அவர் பேர் ஓர் இடத்திலாவது நிற்கட்டும் என்றுதான். தான் பிடுங்கிக்கொண்டதில் ஒரு பிடியாவது திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான். அப்படித்தான் அவள் தனக்கே மொழிபெயர்த்துக்கொண்டாள்.

பதிவு நடக்கிற மாடிக்கு அவரைக் கைப்பிடித்து ஏற்றினாள். பஞ்சுச் சுவர் அறைக்குள் நுழைந்ததும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது. இடது கையால் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைரக்டர் பட்டனை அழுத்தி, "அண்ணே, தோள்ல அம்பு" என்றார். அம்பு தைத்தது. "தண்ணிக்குள்ள மூழ்கறீங்க." மூழ்கினார். "தீ." அடடா, அந்தத் தீயை என்னவென்று சொல்வேன். டைரக்டரின் கை மேஜையிலேயே உறைந்துவிட்டது. அதில் பிசிறு இல்லை, குழறல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் அவர் முழு மனிதராக இருந்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து உட்கார்ந்ததும், "கேளுங்கண்ணே, எப்படிச் சேருதுன்னு பாருங்க" என்று டைரக்டர் ஆசையாக ஓட்டிக் காட்டினார். பெரிய ஸ்பீக்கரில் காவல்காரன் பேசினான். "யார் அங்கே? இந்தப் பாலத்துக்கு நான்தான் கதவு" என்று, அவருடைய அதே குரலில், அவர் சொல்லாத சொற்களை. பேசிக்கொண்டே போனவன் நடுவில் அலறினான். அலறல் அவருடையது. அலறி முடித்ததும் மறுபடி அந்தப் பையன் பேசினான், ஒன்றும் நடக்காதது போல.

அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"இல்ல."

"என்னக்கா சொல்றார்? பிடிச்சிருக்கா?"

"இல்ல" என்றார் மறுபடியும், இந்தத் தடவை அவளைப் பார்த்து. அந்தக் குரலில் கோபம் இருந்ததா, வியப்பு இருந்ததா, வேண்டுதல் இருந்ததா? அகராதியில் தேடினாள். எல்லாப் பக்கமும் அவள் கையெழுத்துதான்.

"அவரோட சம்மதம் வேணும்க்கா, இல்லாம இதை வெளியிட முடியாது. அவரால சொல்ல முடியாதுங்கிறதால நீங்க சொன்னாப் போதும். ஆமான்னு ஒரு வார்த்தை."

ஒரு வார்த்தை. அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சந்தோஷப்படறார், நல்லா சேர்ந்திருக்குங்கிறார். டைரக்டர் காத்திருந்தார், சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு. அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் அதே முகம்தான்.

"எனக்குத் தெரியல, தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

"அவர் என்ன சொல்றார்னு எனக்குத் தெரியல."

"விளையாடாதீங்கக்கா. நீங்கதானே அன்னைக்குப் போன்ல..."

"அன்னைக்குத்தான் விளையாடினேன். அவரைக் கேக்கவே இல்ல. இவ்வளவு நாளும் விளையாடிக்கிட்டுதான் இருந்தேன்."

டைரக்டர் ஸ்பீக்கரை அணைத்தார். "அப்படின்னா இதுல ஒண்ணையும் நான் எடுத்துக்க முடியாதுக்கா. ஒரே குரலா இருக்கணும்னு முன்னாடி அவர் பேசினதையும் தூக்கிடுவாங்க. மொத்தத்தையும் அந்தப் பையனையே வெச்சு, கத்தறதையும் சேர்த்து..." என்று இழுத்தார். "அண்ணனோட பேர்..."

"தெரியுது" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வைக்கும் அவள் அர்த்தம் சொல்லிக்கொள்ளவில்லை. போகும்போது டைரக்டர் அவர் காலைத் தொட்டார். அவர் "இல்ல, இல்ல" என்று தோளைத் தட்டினார்.

திரும்பி வருகிற பேருந்தில் இரண்டு இடம் சேர்ந்தாற்போலக் கிடைக்கவில்லை. அவருக்கு ஜன்னலோரம், பக்கத்தில் தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்ட ஒரு பெண். பெண்டாட்டி அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தார். "இல்ல" என்று தொடங்கினார். "இல்ல இல்ல, இல்ல..." குரல் ஏறியது, தாழ்ந்தது, ஓர் இடத்தில் ரகசியம் போலக் குனிந்தது, ஓர் இடத்தில் தானே சிரித்தது. எதையோ முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிற தோரணை.

அந்தப் பெண் திரும்பி, "என்னம்மா சொல்றாரு?" என்றாள்.

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தெரியாது என்று தலையை அசைத்தாள்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "ம்" என்றாள். அவர் இடது கையைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் உயரமாக ஏதோ ஒன்றை வரைந்து காட்டி, "இல்ல" என்றார். "ம்" என்றாள் அந்தப் பெண். வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வயிறும் மனசும் நிறையட்டும். உங்கள் வீட்டில் யார் வாய் திறந்தாலும், முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்க ஒரு காது எப்போதும் இருக்கட்டும். நல்லா இருங்க.