எங்கயும் நிக்காது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. பழைய கார் ஒன்று வாங்கலாமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். சின்னக் கார். நான்கு பேர் நெருக்கியடித்து உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால், யாராவது ஒருவர் பெருந்தன்மையாக "நான் பஸ்ஸில் வர்றேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதிவைக்கும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. போய்ப் படித்தேன். ஒருவர் "தங்கமான வண்டி" என்கிறார். அடுத்தவர் "விற்ற பிறகுதான் வீட்டில் சிரிக்கிறார்கள்" என்கிறார். இருவரும் சொல்வது ஒரே வண்டியைத்தான். "மழை பெய்தால் இடது பக்கக் கதவு திறக்காது, மற்றபடி ஒரு குறையும் இல்லை" என்று ஒரு நல்ல மனுஷன். இவர்களுக்கு நடுவே ஒரு வரி கண்ணில் பட்டது.

"நம்பகமான வண்டி. எங்கேயும் நின்றதில்லை. ஒரே ஒரு தடவை தவிர."

அவ்வளவுதான். பெயரும் இல்லை, விவரமும் இல்லை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அந்த ஒரு தடவை எங்கே ஐயா நின்றது? உள்ளே யார் இருந்தார்கள்? கீழே கேள்வி போட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. சரி, சொல்லாவிட்டால் போங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்று வீம்புக்கு ஆரம்பித்ததுதான் இது. (கார் இன்னும் வாங்கவில்லை.)

2

முதல் வரிக்காகப் பட்ட பாடு:

"கொட்டும் மழையில் அவன் தன் காதலியை ஏற்றிக்கொண்டு..." வேண்டாம். மழை, காதலி, நின்றுபோன கார். மிச்சக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

"பிரசவ வலியில் துடித்தவளோடு வண்டி..." ஐயையோ. எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

"பக்கத்து சீட்டில் ஒரு மனிதரின் பற்கள் இருந்தன." இது இருக்கட்டும்.

பயப்படாதீர்கள், கொலை எதுவும் இல்லை. இந்தக் கதையில் வருகிறவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கடைசியில் மோட்டாரில் வைத்து மெருகேற்றி, பளபளவென்று திருப்பிக் கொடுப்பாள். வேலை செய்யும் அறை பூராவும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அவள் புருவத்தில்கூட.

அவளைச் சின்னவள் என்போம். ஏனென்றால் பெரியவள் ஒருத்தி இருக்கிறாள். அக்கா. நீச்சல் குளத்தில், அதுவும் மூடிய கூரைக்குக் கீழே, பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத் தருகிறாள். கரையில் நின்றுகொண்டு "கையை அடி! காலை அடி! மூச்சை விடு!" என்று கத்துவாள். அந்தக் கூரை அவள் கத்தியதையெல்லாம் வாங்கி இன்னும் இரண்டு தடவை கத்தும்.*

இந்த இரண்டு பேருக்கும் பேச்சுதான் சோறு, தண்ணீர் எல்லாம். இவள் மோட்டாரில் பல்லை வைத்து மெருகேற்றும்போது போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம், இந்தப் பக்கம் மோட்டார்ச் சத்தம். பாதி காதில் விழாது. விழாத பாதியை அவரவர் ஊகித்துக்கொள்வார்கள். இத்தனை வருடமும் ஊகம் தப்பியதே இல்லை.

* அவள் கத்துவதில் ஒரு சொல்லை மட்டும் இங்கே மறைத்திருக்கிறேன். பிறகு திட்டாதீர்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.

3

பெரியவள் குளத்துக்குப் பக்கத்திலேயே வீடு மாறினாள். கார் தேவைப்படவில்லை. "சும்மாதான்டி நிக்குது, நீ எடுத்துக்கோ" என்றாள். அவள் வீட்டுக்காரர் காலையில் வண்டியைக் கொண்டுவந்து சின்னவள் வாசலில் விட்டுவிட்டு, ஒரு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவசரமாக ஓடினார். இன்னொரு சாவி அக்கா வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

மத்தியானம் அக்காவின் போன். இவள் மோட்டாரில் இருந்தாள்.

"வண்டி வந்துச்சா, பல்லு?" பல்லு என்பது செல்லப் பெயர்.

"வந்துச்சுக்கா! ராணி மாதிரி நிக்குது."

"கேளு, ஒரே ஒரு விஷயம். தூரமா போனா, வழியில எங்கயும் நிக்காது.**"

"அப்படியா! சூப்பர்க்கா!"

"என்ன சூப்பர்... ஐயோ, சார்! சார்! தலையைத் தூக்குங்க!"

போன் கட்டாகிவிட்டது. சின்னவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. பழைய வண்டியை இவ்வளவு உறுதியாக யார் கொடுப்பார்கள்? அக்கா என்றால் அக்காதான் என்று சொல்லிக்கொண்டு அடுத்த பல்லை எடுத்தாள்.

 ** இந்த வரியை இப்படி எழுதியதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. இருந்தாலும் அவள் காதில் விழுந்ததைத்தானே நான் எழுத முடியும்?

4

இனி, அந்த ஒரு தடவை.

ஊரின் மறுகோடியில் இருந்த டாக்டர் ஒருவருக்கு அவசர வேலை. வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சாயந்திரம் மேடையில் நண்பரை வாழ்த்திப் பேச வேண்டும். குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது. மேல்பல் வரிசைதான் இல்லை. அது தயாராகிப் பக்கத்து சீட்டில் டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தது. சின்னவள் சீக்கிரமாகவே கிளம்பியிருந்தாள். முக்கால்வாசித் தூரம் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. நேரம் நிறைய இருந்தது, வண்டியோ எங்கயும் நிக்காத வண்டி. ஒரு டீ குடித்தால் என்ன? ஓரம் கட்டி அணைத்துவிட்டு இறங்கினாள்.

திரும்பி வந்து சாவியைத் திருகினால், கிர்ர்ர் என்றது. மறுபடி கிர்ர்ர். தட்டிக்கொடுத்தாள். கெஞ்சினாள். "என் கண்ணுல்ல" என்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். வண்டி உருண்டதே தவிர உயிர் வரவில்லை. வாடகை வண்டி பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் மேடை ஏறியிருந்தார்.

மேல்பல் இல்லாமல் தமிழில் 'த' சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால், நாக்கு மேல்பல்லில் படாமல் "தித்தித்தது" என்று சொல்லிப் பாருங்கள். (யாரும் பார்க்கவில்லை, சொல்லுங்கள்.) பெரியவர் "தம்பி" என்று ஆரம்பித்தார். வெறும் காற்றுதான் வந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துச் சபை எழுந்து கைதட்டியது. ஆனால் அவருக்குத் தெரியுமே, என்ன நடந்தது என்று. இறங்கி வந்து டாக்டரைப் பிடி பிடியென்று பிடித்தார். டாக்டர் அன்றோடு சின்னவளுக்கு வேலை தருவதை விட்டுவிட்டார்.

அவள் திரும்பி டீக்கடைக்கு வந்தாள். மெக்கானிக் வந்து சாவியைத் திருகியதும் முதல் திருகலிலேயே வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. "இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அவர். அவளுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"ஓட்டை வண்டிய என் தலையில கட்டிட்டல்ல?"

"வாயை அளந்து பேசு. சும்மாதானே குடுத்தேன்?"

"நீ சொன்னதை நம்பித்தானே போனேன்! என் பொழப்பே போச்சு!"

"நான் சொன்னதைக் கேட்டிருந்தா ஏன்டி இப்படி ஆகுது?"

"நீ சொன்னதாலதான் ஆச்சு!"

"சரி, இனிமே உங்கிட்ட ஒண்ணும் சொல்லல. போதுமா?"

வண்டி ஓட ஆரம்பித்தது. பேச்சு நின்றுவிட்டது.

5

கதையும் இங்கே நின்றுவிட்டது. எவ்வளவு திருகியும் கிளம்பவில்லை.

சின்னவளுக்கு இரண்டு தெரு தள்ளியே வேறொரு டாக்டர் கிடைத்தார். பிழைப்பு பரவாயில்லை. வண்டியை அந்த இரண்டு தெருவுக்கு மேல் எடுப்பதில்லை. இஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அப்புறம் அது ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். மெருகேற்றும்போது மட்டும் தலை தானாக இடது தோளுக்குச் சாயும். அங்கே போன் இருக்காது. அக்கா மேல் அவ்வளவு கோபம், அதைவிட அதிகமாக அக்கா வேண்டும். இப்படியே விட்டால் இவர்கள் ஆயுசுக்கும் பேசமாட்டார்கள். எனக்கு இரண்டு பேரையும் தெரியும், பிடிவாதத்தில் அச்சு ஒன்றுதான்.

எப்படிச் சேர்த்துவைப்பது? யாரையாவது ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கலாம். எல்லாக் கதையிலும் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்காரவைக்கலாம். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவதில் இருவருமே கெட்டிக்காரர்கள். ஆகவே

ஆகவே, சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒரு நாள் காலை சின்னவள் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பி, பல்செட்டை சீட்டில் வைத்தாள். ஏதோ மறந்துபோனதை எடுக்கக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி உள்ளே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூடி திறந்த டப்பாவிலிருந்து பல்செட் அவளைப் பார்த்து இளித்தது. பூட்டுத் திறக்கிறவர் வெளியூர் போயிருந்தார். (நான்தான் அனுப்பினேன்.) இன்னொரு சாவி எங்கே தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

வெகுநேரம் யோசித்து, "சாவி உள்ள மாட்டிக்கிச்சு" என்று ஒரு வரி அனுப்பினாள்.

"வரேன்" என்று பதில் வந்தது.

6

பெரியவள் பஸ்ஸில் வந்தாள். ஈரத் தலை, கழுத்தில் விசில். கொண்டுவந்த சாவியால் கதவைத் திறந்தாள். சீட்டில் இருந்த பல்செட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். "கிளாஸ் இருக்கு. குளத்துல விட்டுடு" என்றாள், தங்கையைப் பார்க்காமல், பல்செட்டைப் பார்த்து.

குளம் தூரம். பல்செட்டைத் திரும்பி வரும்போது டாக்டரிடம் கொடுத்துக்கொள்ளலாம். வண்டிக்கு இவ்வளவு ஓட்டம் கிடைத்து வெகு நாளாயிற்று. ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் நின்ற லாரி இஞ்சினை அணைத்தது. சின்னவள் கையும் வழக்கம்போல சாவிக்குப் போனது. பெரியவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அணைக்காத! சூடா இருக்கு. சூட்டுல அணைச்சா ஆறுற வரைக்கும் கிளம்பாது. இதைத்தானே அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

"என்ன சொன்ன?"

"வழியில எங்கயும் நிக்காதேன்னு!"

"நிக்காதுன்னு சொன்ன!"

"நிக்காதேன்னு சொன்னேன்டி!"

"நிக்காது!"

"நிக்காதே!"

பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். "கேட் போட்டிருக்கும்மா. நிக்காம நான் எங்க போறது?"

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். (நான் மறைத்த சொல் இதுதான். தண்ணீரில் தத்தளிக்கிறவர்களைப் பார்த்து அவள் நாள் முழுக்க அதைத்தான் கத்துகிறாள்: "நிக்காதே, நிக்காதே, காலை அடி!")

"அப்போ ஏன் ஒழுங்கா விளக்கிச் சொல்லல?" என்றாள் சின்னவள், குரலை இறக்கி.

"எப்படிடி சொல்றது? ஒரு பேங்க் மேனேஜர் முங்கிட்டிருந்தாரு!"

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். அக்காவின் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. மடியில் இருந்த பல்செட்டும் சேர்ந்து குலுங்கியது.

7

எனக்கு ஒரு சந்தேகம். பெரியவள் அன்று நிஜமாகவே 'தே' என்றுதான் சொன்னாளா? இல்லை, கேட் முன்னால் சமயோசிதமாக இட்டுக்கட்டினாளா? கெட்டிக்காரிதான், செய்யக்கூடியவள். அப்படி ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன்: "பெரியவள் மனதுக்குள் நிம்மதிப் பெருமூச்சு..." அடித்துவிட்டேன். அந்தப் போனில் நானும் இல்லை, நீங்களும் இல்லை. கூரையும் மோட்டாரும்தான் இருந்தன.

இணையத்தில் அந்த வரியை எழுதியவர் யாராக இருந்தாலும், "நம்பகமான வண்டி" என்றுதான் எழுதினார். அந்தத் தைரியத்தில் மேலே போகிறேன்.

கேட் திறந்தது. வண்டி தண்டவாளம் தாண்டியது. சின்னவள் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அன்னிக்கு உன்னை என்னென்னவோ பேசிட்டேன். மோட்டார் போடும்போதெல்லாம் போன் வருமா வருமான்னு பார்ப்பேன். நீ பேசாம எனக்கு..."

பேச்சு பாதியில் நின்றது.

பெரியவள் ஒரு கையால் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையைத் தங்கையின் தோளில், போன் இருக்கவேண்டிய அந்த இடது தோளில் வைத்துச் சொன்னாள்:

"நிக்கா

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். ஒரே ஓர் எழுத்து பாக்கி. நான் ஒன்றை எழுதி, நீங்கள் வேறொன்றாகப் படித்து, நமக்குள் பேச்சு நின்றுபோக வேண்டாம். 'து'வோ 'தே'யோ, நீங்களே சொல்லிவிடுங்கள். நாக்கை மேல்பல்லில் வையுங்கள், இரண்டுக்கும் இடம் அதுதான்.

வைத்தாயிற்றா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் காதில் விழ வேண்டும்.