பத்தொன்பது பிடி

பேராச்சி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கடிதங்களைப் பொறுக்கினாள். வெளியே சந்தில் அவள் புருஷன் வானமாமலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மாச் சண்டையிலிருந்து நெஞ்சு கெட்டுத் திரும்பியவர், தாராவியில் ஒன்றரை வருஷம் இருமிவிட்டு அன்று காலையில் போய்விட்டார். செத்தவருக்குப் பிரியமானதைக் கூடவே அனுப்புவது அவர்கள் வழக்கம். பட்டாளத்திலிருந்து அவளுக்கு எழுதிய இந்தப் பதினாலு கடிதங்களை விட்டால் அவருக்கு வேறென்ன இருந்தது?

அவளுக்கு எழுத்து தெரியாது. சண்டைக் காலத்தில் வந்த ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டியவர் தோல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்த ஜெயினுலாப்தீன். அந்த மனுஷர் வாசித்தால் போர்க்களமே கல்யாண வீடு மாதிரித்தான் இருக்கும். எல்லோரும் சுகம், வயிறாரச் சாப்பாடு, கவலை வேண்டாம்.

அவர்தான் இப்போது உள்ளே வந்து, ஒன்றை மட்டும் எரிக்க வேண்டாம் என்றார். தபாலில் போட்டால் தணிக்கைக்காரன் வெட்டிவிடுவான் என்று வானமாமலை ஒரு கூட்டாளி கையில் கொடுத்தனுப்பிய கடிதம் அது. பர்மாவில் ஊர்ச்சனங்களைச் சிப்பாய்கள் கொன்றதற்குச் சாட்சி திரட்டும் வக்கீல் ஒருவர், கோர்ட்டுகள் இருக்கிற கோட்டைப் பக்கம் இருக்கிறாராம். இப்படிப்பட்ட கடிதங்களைத்தான் தேடுகிறாராம்.

"அதுல உள்ளத நான் உனக்குப் படிக்கல, தங்கச்சி. மனசு வரல."

"இப்பப் படிங்க அண்ணாச்சி."

தணிந்த குரலில் படித்தார். ஆற்றோரம் ஒரு கிராமம். எதிரிக்கு அரிசி கொடுத்தார்கள் என்று பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை சொன்னான். பத்தொன்பது பேரை நெல் கொட்டகையில் அடைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். 'எல்லாரும் சுட்டோம். நானும் சுட்டேன். மூணு நாள் கழிச்சு அந்த வழியா வந்தோம். அப்படியே கெடந்தாவ. எடுத்துப்போட ஆளில்ல.'

பேராச்சி மூலையில் ஆறிக்கிடந்த அடுப்பைப் பார்த்தாள். அரிசி உலை கொதிக்கும் வாசனை வந்தாலே புருஷன் எழுந்து வெளியே போய்விடுவார். பட்டாளத்துச் சாப்பாடு நாக்கைக் கெடுத்துவிட்டது என்று எத்தனை நாள் கரித்துக் கொட்டியிருக்கிறாள்.

வாசலில் பெண்கள் அவரைத் தர்மவான் என்று பாடி அழுதுகொண்டிருந்தார்கள். கடிதம் கைமாறினால் நாளைக்கே தாராவி முழுக்கத் தெரிந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்த ஜெயினுலாப்தீன், அடியில் இருக்கிற பெயரை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றார்.

அவள் கடிதத்தை வாங்கி, அடியில் இருந்த எழுத்தை விரலால் தடவினாள்.

"பேரில்லாத கடுதாசிய யாரு நம்புவா? பேரு இருக்கட்டும் அண்ணாச்சி. அவுக கையால எழுதுனதுதான."

பதின்மூன்றைப் புருஷன் நெஞ்சின் மேல் வைத்தாள். ஒன்று ஜெயினுலாப்தீன் சட்டைப்பைக்குள் போனது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். வழக்கப்படி மூன்று தரம் போட்டாள். மறுபடியும் சுளகில் இருந்த அரிசியில் கைவைத்தபோது, போதும் என்று பக்கத்து வீட்டுப் பூமாரி கையைப் பிடித்தாள். பேராச்சி கையை விடுவித்துக்கொண்டு, பாடைக்கு அப்பால் வெறுந்தரையில், பிடி பிடியாக அரிசியைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.