வரைபடத்தில் நகர்ந்த புள்ளி

1

அண்ணி ஓடிக்கொண்டிருந்தார். எதிரே மண் அள்ளும் இயந்திரம் கையைத் தூக்கிவிட்டது. அது இறங்கினால் உலகத்தில் ஒரு செடியினமே காலி.

[முதலில் "இளவெயில் சரிவில் இதமாக" என்று தொடங்கிப் பாதியில் அடித்துவிட்டேன். உயிர் போகிற நேரத்தில் வானிலை அறிக்கை எதற்கு?]

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரப் பத்திரிகைக்கு நான் தர வேண்டியது கொலைக்கதை. தாவர ஆராய்ச்சி செய்யும் அண்ணி போனில் இதைச் சொன்னதும் பிணத்தைக் கிடப்பில் போட்டுவிட்டேன்.

2

அந்தப் புதர்* இடுப்புயரம். சுண்ணாம்புப் பாறை இடுக்கில் மட்டுமே வேர்விடும். தெரிந்தவரை மிச்சம் ஒரே சரிவில். தொட்டியில் வைத்து விற்பதற்காகப் பிடுங்கிப் போகிறவர்கள் உண்டு. அதனால் இத்துறையில் ஒரு வழக்கம்: வெளியிடும் வரைபடத்தில் புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைப்பார்கள். அண்ணி எதிர்ச்சரிவில் வைத்தார். சாலைப் பொறியாளர் நல்ல மனிதர். புள்ளியை மதித்துச் சாலையை வளைத்தார். நேராகச் செடியின் தலைமேல்!

* பெயரை எழுதினால் அண்ணி என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாராம்.

3

"நிறுத்துங்க! இங்க செடி இருக்கு!"

"மேடம், உங்க படத்தைப் பார்த்துதானே ரோட்டையே வளைச்சேன்? செடி அந்தப் பக்கம்ல இருக்கு?"

"அது சும்மா வச்ச புள்ளிங்க."

"சும்மாவா! அதுக்காக எத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கினேன் தெரியுமா?"

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் செடி பிடுங்குகிறவன் எவனோ! இடத்தைக் காட்டினால் திருட்டு, காட்டாவிட்டால் இயந்திரம்.

[இங்கே அண்ணி மயங்கி விழுவதாக எழுதிப் போனில் படித்துக் காட்டினேன். "டேய் தம்பி, நான் எப்படா மயங்கினேன்? வாராவாரம் விழறதெல்லாம் உன் கதாநாயகிங்கடா!" அடித்துவிட்டேன்.]

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "உங்க முழங்கைக்குப் பக்கத்துல இருக்கற புதரைப் பாருங்க."

பொறியாளர் குனிந்தார். நிமிர்ந்தவர் கையை ஆட்டினார். இயந்திரம் நின்றது.

4

முடிவு அ: சுபம். பத்திரிகைக்கு இதுவே போதும். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

"சரி, ரோட்டை எதிர்ச்சரிவுக்கே மாத்திடறேன். அதை விட்டா வேற வழி கிடையாது. வாங்க மேடம், ஒரு எட்டு பார்த்துடலாம்."

இருவரும் எதிர்ச்சரிவில் ஏறினார்கள்.

"இங்க நிச்சயமா ஒண்ணும் இல்லல்ல? அப்புறம் மறுபடி ஓடி வந்து மறிக்காதீங்க, தாங்க மாட்டேன்."

முடிவு ஆ: அண்ணி அவரிடம்...

இதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமுன், இதுவரை நான் அமுக்கி வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்ச்சரிவு ஆடு மேயும் இடம், அங்கே என்ன மிஞ்சியிருக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே புள்ளி வைத்தவர் அண்ணி. அந்தச் சரிவில் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். காலடியில், ஆடு கடித்துக் கடித்துக் கணுக்கால் உயரம்கூட வளராமல், இடுக்குக்கு இடுக்கு அதே செடி.